பிப்ரவரி, மார்ச்: கோசோங்

அத்தியாயம் 4

"எனக்குப் புருஷன் வேணாங்க. அவரோட சம்பளச் சீட்டும் ஒரு கையெழுத்தும் கெடச்சாப் போதும்."

சொன்னவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஜெலாப்பாங்கில் ஏதோ ஒரு தொழிற்சாலையின் நீலச் சட்டை. இருபத்திரண்டு மரப்படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. பெயர் சாந்தினி என்றாள்.

கதவோரத்து நாற்காலியில் இருந்த ஐயாவு தொண்டையைச் செருமிக்கொண்டார். முப்பது வருஷம் ஈப்போவில் டாக்சி ஓட்டியவர் அவர். கைத்தொலைபேசியில் வண்டி கூப்பிடும் காலம் வந்து அவருடைய பிழைப்பில் மண் விழுந்த பிறகு, சாரதாதேவியின் விசாரணை நிலையத்தில் சேர்ந்துகொண்டார். ஓட்டுநர், உதவியாளர், தே தாரே தேநீர் வாங்கி வருபவர் எல்லாம் அவரேதான்.

"மேடம், புருஷனத் தேடி இங்க வந்தவங்க பதினாலு பேரு. சம்பளச் சீட்டத் தேடி வந்த மொத ஆளு இவங்கதான்."

சாரதாதேவி சிரிக்கவில்லை. காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் துருவித் துருவியே பென்ஷன் வாங்கியவர். ஆண்டுக்கு இரண்டு தடவை சிரிப்பார். இந்த ஆண்டுக்கான ஒன்றை ஜனவரியிலேயே செலவழித்துவிட்டார்.

"முதலில் இருந்து சொல்லுங்கோ," என்றார்.

சாந்தினி ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வீட்டு இலாகாவிலிருந்து வந்தது. புந்தோங்கில் யாரோ ஒருவர் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறாள். அரசாங்க அடுக்குமாடியில் ஒரு வீடு கேட்டு ஏழு வருஷத்துக்கு முன் மனுப் போட்டாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் வருமானத்தை எழுதி அனுப்பி வருகிறாள்.

"கூடுதல் நேரம் ஓட்டி செஞ்ச காசக்கூட விடாம எழுதுவேங்க. தீபாவளிக்கு மொதலாளி குடுத்த அரிசி மூட்டைய எழுதணுமான்னு கேட்டேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு வேணாம்லா அக்கான்னுச்சு. இந்த வருஷம் என் முறை வந்துருச்சு. நேர்ல கூப்பிட்டாங்க. போனா, இதக் கையில குடுத்து அனுப்பிட்டாங்க."

சாரதாதேவி மலாய்க் கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார். சாந்தினி தன் மனுவில், கணவர் தனேஸ்வரன் ஒன்பது வருஷமாகக் காணவில்லை என்று எழுதியிருக்கிறாள். ஆனால் அதே தனேஸ்வரன் இன்னொரு மனுப் போட்டு, மனைவி சாந்தினி தன்னோடுதான் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறார். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மனு கூடாது. தவிர, தனேஸ்வரன் அனுப்பிய வருமானக் கணக்கில் ஒரு குழப்பம். முன்பெல்லாம் மாதம் தவறாமல் ஒரே சம்பளம். கடந்த மூன்று வருஷமாக மாதத்துக்கு ஒரு தொகை. பிப்ரவரியும் மார்ச்சும் பூஜ்யம். விளக்கம் தேவை. பதினான்கு நாளில் கணவர் தன் மனுவைக் கையெழுத்திட்டு ரத்துச் செய்யாவிட்டால் இரண்டுமே தள்ளுபடி.

"பதினோரு நாளு ஓடிருச்சு," என்றாள் சாந்தினி. "பிப்ரவரி, மார்ச் ஏன் கோசோங்னு என்னையக் கேக்கறாங்க. அந்தாளு உசுரோட இருக்காரான்னே எனக்குத் தெரியாது. விலாசமும் சொல்ல மாட்டேங்கறாங்க. ரகசியமாம்."

"படம் ஏதும் இருக்குதோ?"

"இருந்துச்சு. அடுப்புல போட்டுட்டேன்."

"என்ன வேலை செய்தவர்?"

"தோட்டத்துல லோரிக்குக் கூடப் போவாரு. அப்புறம் ஜாகா. கேட்டத் தொறந்து மூடணும், அவ்வளவுதான். அதுவே அவருக்குப் பெரிய வேலை."

"ரப்பர் பால் எடுக்கப் பால் மரம் வெட்டியிருக்கிறாரோ?"

முதல் தடவையாக சாந்தினியின் முகம் லேசாக இளகியது. "அவரா? அட்டைப்பூச்சியப் பாத்தாக் கட்டில் மேல ஏறி நின்னுக்குவாரு."

சாரதாதேவி கடிதத்தை விரலால் தட்டினார். "ஐயாவு, எந்த வேலைக்குப் பிப்ரவரி, மார்ச் மாதத்தில் சம்பளம் வராது?"

"சீனப் பெருநாளுக்கு அங்பாவ் காசு வாங்கிட்டுக் குப்புறப் படுத்துக்கறவனுக்கு."

"எலையுதிர் காலம்," என்றாள் சாந்தினி மெதுவாக. தோட்டத்தில் பிறந்தவள் அல்லவா? "ரப்பர் மரம் எலைய உதுத்துரும். அப்ப வெட்ட மாட்டாங்க. எங்கம்மாவுக்கும் அந்த ரெண்டு மாசம் கையில காசு இருக்காது."

"ஓம்," என்றார் சாரதாதேவி. "நேர்முகத்தில் அதிகாரி வேறு என்ன கேட்டவர்?"

"அவ்வளவு தூரத்துலேர்ந்து தெனமும் ரயில்லயா ஜெலாப்பாங்குக்கு வேலைக்கு வாரேன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

விலாசத்தைப் பூட்டி வைத்த அதிகாரி வாய்தவறி ரயிலை விட்டுவிட்டார். ஐயாவு எழுந்தே நின்றுவிட்டார். "மேடம், ரயிலும் வேணும், ரப்பரும் வேணும்னா சிலிம் ரிவர் பக்கந்தான். மத்த எடமெல்லாம் செம்பனையாப் போச்சு. அங்க ரப்பர் பால வாங்கற ரப்பர் கடை ஒண்ணு இருக்கு. ஒருக்கா அங்கேர்ந்து சவாரி ஏத்திட்டு வந்து, என் டாக்சி ஒரு வாரம் நாறுச்சு."

"நாளைக் காலையில் போவம். சாந்தினி, நீங்களும் வாங்கோ."

"அவரு மூஞ்சில முழிக்க மாட்டேங்க."

"இறங்க வேண்டாம். காருக்குள்ளேயே இருங்கோ."

ஐயாவு சாரதாதேவியை ஓரக்கண்ணால் பார்த்தார். நான்கு வருஷத்தில் எந்தக் கட்சிக்காரரையும் மேடம் உடன் அழைத்துப் போனதில்லை.

மறுநாள் நெடுஞ்சாலையில் லேசான தூறல். பின்னிருக்கையில் சாந்தினி கைப்பையை மடியில் பிடித்தபடி, சன்னலுக்கு வெளியே ஓடும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பெங் தாண்டியது. ஐயாவுக்கு மௌனம் ஆகாது. மனைவி போனதிலிருந்தே அப்படித்தான்.

"வீடு கெடச்சா யாரு கூட இருப்பீங்க?"

"யாரு இருக்கா? நான் மட்டுந்தான்." கொஞ்சம் கழித்து அவளே தொடர்ந்தாள். "பின்னறையில இருந்தா, ராத்திரி தண்ணி குடிக்கப் போறதுக்கும் அவங்க கூடத்தத் தாண்டித்தான் போகணும். தாகமா இருந்தாலும் படுத்துக்குவேன். சொந்தமா ஒரு கொழாய் இருந்தாப் போதும்ணே."

"எனக்கு அரசாங்க ஃபிளாட் கெடச்சிருக்கு. மூணு ரூமு. டிவிகிட்டதான் பேசறேன். அதுவும் பதில் சொல்லுது. ஆனா நான் கேட்ட கேள்விக்கு இல்ல."

சாந்தினி சிரித்தாள். சாரதாதேவி திரும்பி ஐயாவை ஒரு தடவை பார்த்துவிட்டு மீண்டும் சாலையைப் பார்க்கத் தொடங்கினார். நகைச்சுவைக்குக் கிடைக்க வேண்டிய பார்வை அல்ல அது என்று ஐயாவுக்குத் தோன்றியது.

ரப்பர் கடை இருக்கும் இடத்தை மூக்கே காட்டிக் கொடுத்தது. கடை முதலாளி தவுக்கே இல்லை. தராசுக்குப் பக்கத்தில் பத்துமலை என்பவர் உறைந்த கட்டிப்பால் மூட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தனேஸ்வரனா? தெரியும்ணே. பத்து நாளைக்கு ஒருக்கா சைக்கிள்ல கட்டிப்பால் கொண்டாருவாரு. சீட்ட மட்டும் கேட்டு வாங்கிப் பத்திரமா மடிச்சு வெச்சுக்குவாரு. கிலோவுக்கு அஞ்சு காசு கொறஞ்சாக்கூடச் சீட்டுல சரியா எழுதச் சொல்லுவாரு. நல்ல மனுஷன்."

"பேசுவாரோ?" என்றார் சாரதாதேவி.

"பேசவே மாட்டாரும்மா. காது வேற மந்தம். பேரச் சொல்லி மூணு தடவ கத்துனாத்தான் திரும்பிப் பாப்பாரு. தோட்டத்து மூணாம் பிரிவு லயத்து வீட்டுல தனியா இருக்காரு. தோட்டத்த வித்துச் செம்பனை போட்டாங்கள்ல, ஆத்தோரமா கொஞ்சம் பழைய மரம் மிச்சம் நிக்குது. அதக் குத்தகைக்கு எடுத்து வெட்டறாரு."

"கூட யாரும் இல்லையோ?"

"முன்ன ரெண்டு பேரு இருந்தாங்கன்னு சொல்லுவாங்க. நான் இந்தக் கடைக்கு வந்து ரெண்டு வருஷந்தான் ஆவுது."

காரில் ஏறும்போது ஐயாவு குனிந்து கிசுகிசுத்தார். "ரெண்டாவது ஆளு பொம்பளயா இருந்திருக்கும் மேடம். அவங்கள இவங்க பேருல எழுதிட்டாரு. கேசு முடிஞ்சுது."

"அப்படியெண்டால் பெரிய நிம்மதிதான்," என்றார் சாரதாதேவி.

செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் லயம் வந்தது. பத்து வீடுகளில் எட்டுக்குக் கூரை இல்லை. காரை ஒரு மாமரத்தடியில் நிறுத்திவிட்டு, சாந்தினியை அங்கேயே விட்டு, இருவரும் நடந்தார்கள்.

கடைசி வீட்டு வாசலில் ஒருவர் ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, அறுபதை நெருங்கிய வயது.

"தனேஸ்வரன்," என்று சாரதாதேவி கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

ஐயாவு மேடத்தின் காதோரம் முணுமுணுத்தார். "ரெண்டாங் கல்யாணத்துக்கு ஆளப் பாருங்க. சட்டையில பொத்தானே இல்ல."

இருபது அடி தள்ளி இருந்த மனிதரின் கை மெல்ல மேலெழுந்து சட்டையின் திறந்த பகுதியைச் சேர்த்துப் பிடித்தது. பிறகுதான் திரும்பினார். ஐயாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

"நீங்கள் தனேஸ்வரனோ?"

"ஆமாங்க."

"உங்கள் மனைவி பேர்?"

"சாந்தினி." தயக்கமே இல்லை. அவளுடைய அடையாள அட்டை எண்ணையும் ஒப்பித்தார்.

சாரதாதேவி விஷயத்தைச் சொன்னார். மனைவிக்கு வீடு கிடைக்கப் போகிறது. இவருடைய மனுதான் குறுக்கே நிற்கிறது. ரத்துச் செய்து கையெழுத்துப் போட்டால் போதும். மறுப்பார், பணம் கேட்பார் என்று எதிர்பார்த்த ஐயாவு, வழக்கமான ஒரு மிரட்டலையும் தயாராக வைத்திருந்தார். அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த மனிதர் காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்து பண்ணிட்டா இனிமே கடுதாசி வராதுங்களா?"

"எந்தக் கடிதம்?"

"வருஷா வருஷம் வருமே. வருமானத்த எழுதி அனுப்பச் சொல்லி."

"வராது."

தலையை ஆட்டிக்கொண்டார். திண்டில் காகிதத்தை வைத்து, கோலத்துக்குப் புள்ளி வைப்பவர்போல ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்திட்டார்.

ஐயாவு வெற்றியோடு காருக்கு நடந்தார். சாந்தினி கண்ணாடியை இறக்கிக் காகிதத்தை வாங்கினாள். "அவரு கையெழுத்துதான். இந்த 'ன்' மேல புள்ளி இப்படித்தான் தள்ளிப்போய் விழும்." பிறகு தன்னை மீறித் தலையை உயர்த்தி, லயத்துப் பக்கம் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

"அண்ணே, மேடத்துகிட்ட நிக்கறது யாரு?"

"யாருன்னா? உங்க வீட்டுக்காரருதான்."

"அது என் வீட்டுக்காரரு இல்ல."

சாந்தினி கதவைத் திறந்து இறங்கினாள். இறங்கவே மாட்டேன் என்றவள், செருப்பில் செம்மண் அப்ப அப்ப வேகமாக நடந்தாள். அவள் வருவதைப் பார்த்த மனிதர் பின்வாங்கினார். சுவர் தடுத்தது.

"என் புருஷன் எங்க?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

அவர் சாரதாதேவியைப் பார்த்தார். சாரதாதேவி சொன்னார்: "எனக்கு நேற்றே ஒரு சந்தேகம். அட்டைக்குப் பயந்த மனிதர் ஐம்பது வயதில் பால் வெட்டக் கற்றுக்கொள்ள மாட்டார். மூன்று வருசத்துக்கு முன்னம் மாறினது வேலையோ, ஆளோ என்று யோசித்தன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் உங்களுக்குக் காது கேட்காது. ஐயாவு கிசுகிசுத்தது கேட்டது. உங்கள் பேர் என்ன?"

ஆற்றோரம் எங்கோ ஒரு மோட்டார் ஓடி நின்றது.

"மாயாண்டிங்க."

அந்தப் பெயரைச் சொன்னதும் அவர் திண்டில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவேண்டி இருக்கவில்லை.

தனேஸ்வரன் ஒன்பது வருஷத்துக்கு முன் அங்கே ஜாகாவாக வந்தார். லயத்தில் அப்போது மிச்சமிருந்தது மாயாண்டி ஒருவர்தான். இருவரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். மாயாண்டி அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். ஆனால் அப்பா பிறப்புச் சீட்டு எடுக்கவில்லை; அடையாள அட்டை கிடையாது. மனுப் போட, மருத்துவமனைக்குப் போக, எதற்கும் வழியில்லாதவர். தனேஸ்வரன் மனுப் போட்டபோது, வீடு வந்தால் நீயும் கூட வந்துவிடு என்றாராம்.

"மூணு வருஷத்துக்கு முந்தி, தைப்பூசம் முடிஞ்ச மூணாம் நாளு. காலையில நெஞ்சு அடைக்குதுன்னான். மைலோ வேணும்னான். கடைக்குப் போயி மைலோவும் வாங்கி, யாருகிட்டயாச்சும் வண்டி கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோலாம்னு போனேன். வந்து பாத்தா கட்டில்ல சாஞ்சபடியே போயிட்டான்."

"போலீசுக்கு ஏன் சொல்லல?" என்றார் ஐயாவு.

"என் சீட்டக் கேப்பாங்கண்ணே. புடிச்சுக் கேம்புல போட்டா, எந்த நாட்டுக்கு அனுப்புவாங்க என்னைய? பழைய இடுகாட்டுல நானே பொதச்சேன். யாரும் கேக்கல. கேக்கறதுக்கு யாரு இருந்தா?"

"பிறகு வருமானக் கடிதம் வந்தது," என்றார் சாரதாதேவி.

"ஆமாங்க. எழுதி அனுப்பாட்டிப் பேர வெட்டிருவோம்னு போட்டிருந்துச்சு. அவன் காத்திருந்த நம்பரு. வெட்ட மனசு வரல. பொண்டாட்டி கூட இருக்கறதா அவன் பழைய பாரத்துல எழுதியிருந்தத அப்படியே எழுதினேன், கையெழுத்தையும் அதப் பாத்துப் பழகினேன். ஆனா வருமானத்துல பொய் எழுதலங்க. என் கடைச் சீட்டெல்லாம் வெச்சு நான் சம்பாதிச்சதத்தான் எழுதினேன். வெட்டாத மாசம் வெட்டலேன்னே எழுதினேன்."

பெயரில் பொய் சொன்ன மனிதர், கணக்கில் உண்மை சொல்லி மாட்டிக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் ஐயாவு இதை ஒரு மாதம் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார்.

"வீடு வந்தா என்ன பண்றதா இருந்தீங்க?" என்றாள் சாந்தினி.

"எனக்கு எப்படிம்மா தருவாங்க? வெரல வெச்சுப் பாப்பாங்களே. வராதுன்னு தெரியும்." கவிழ்ந்திருந்த மங்கு ஒன்றை எடுத்து நிமிர்த்தி மறுபடி கவிழ்த்தார். "வருஷத்துல ஒரு கடுதாசி. எவ்வளவு சம்பாதிச்சே, எப்படி இருக்கேன்னு கேட்டு வேற யாரு எழுதறா?"

இடுகாடு லயத்துக்குப் பின்னால் ஐந்து நிமிட நடை. செம்பனை வேலிக்கும் ஓடைக்கும் நடுவே அகப்பட்ட துண்டு நிலம். ஒரு மேடு, அதைச் சுற்றி மங்குகளைப் புதைத்துக் கரை கட்டியிருந்தார் மாயாண்டி. புல் செதுக்கப்பட்டிருந்தது. சாந்தினி அழவில்லை. ஒன்பது வருஷம் கணவர்மேல் கோபமாக இருந்துவிட்டு, அதில் மூன்று வருஷம் ஒரு மண்மேட்டின்மேல் இருந்திருக்கிறோம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று ஐயாவு நினைத்தார்.

"என்னையப் பத்திப் பேசுவாரா?"

மாயாண்டி யோசித்தார். "வீடு கெடச்சாக் கூப்பிடுவேன்னு ஒருக்காச் சொன்னான். கூப்பிட்டிருப்பானான்னு எனக்குத் தெரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

"அந்த மைலோவ என்ன பண்ணீங்க?"

"கரைச்சு இங்க ஊத்தினேன்."

அப்போதுதான் அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நீலச் சட்டையின் கை நனைந்தது.

திரும்பி வரும் வழியில் சாரதாதேவி இருவரிடமும் நேராகவே பேசினார். மாயாண்டி போட்ட கையெழுத்து போலி, அது செல்லாது. கணவர் இறந்ததற்குச் சான்று கிடைத்தால் சாந்தினியின் மனு நிற்கும். கிடைக்க வேண்டுமானால் மாயாண்டி போலீசில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் அவரைப் பிடித்து வைக்கலாம். ஈப்போவில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். இப்போதே வரச் சொல்லலாம். ஆனால் ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுக்க முடியாது.

"வேணாம்," என்றாள் சாந்தினி. "நான் பின்னறையிலயே இருந்துக்கறேன். பழகிப்போச்சு."

மாயாண்டி வீட்டுக்குள் போனார். ஐயாவு கணக்குப் போட்டார்: பின்வாசல் வழியாக ஆற்றங்கரைக்கு ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது. பிடிக்கச் சொன்னாலும் தன் கால் ஓடாது. ஐந்து நிமிடம் கழித்து மாயாண்டி வேறு சட்டையில் வெளியே வந்தார். எல்லாப் பொத்தானும் இருந்தது. கையில் கடைச் சீட்டுகளும், ரப்பர் வளையம் போட்ட மூன்று கடிதங்களும், தனேஸ்வரனின் அடையாள அட்டையும்.

"போலாங்க," என்றார். "அவனுக்கு ஒரு சீட்டாவது இருக்கட்டும்."

காரில் அவர் முன்னிருக்கையில் உட்காரப் போனார். சாந்தினி பின்கதவைத் திறந்து நகர்ந்து இடம்விட்டாள்.

நிலையத்தில் கூட்டம் இல்லை. கவுண்டரில் இளவயதுக் கான்ஸ்டபிள் ஒருவர். சாரதாதேவி வெளியே நின்று வழக்கறிஞருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மாயாண்டி கொண்டுவந்தவற்றையெல்லாம் கவுண்டர்மேல் வரிசையாக வைத்தார்.

"பேரு?" என்று மலாயில் கேட்டார் கான்ஸ்டபிள்.

"மாயாண்டி."

"ஐசி? அடையாள அட்டை?"

"இல்ல."

கான்ஸ்டபிளின் பேனா நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் கைப்பையோடு நின்ற சாந்தினியிடம் திரும்பினார்.

"நீங்க இவருக்கு என்ன உறவு?"

சாந்தினி கவுண்டர்மேல் இருந்த தனேஸ்வரனின் அட்டையைப் பார்த்தாள்.

"என் புருஷன அடக்கம் பண்ணினவரு," என்றாள்.

படிவத்தில் அப்படி ஓர் உறவுக்குக் கட்டம் இல்லை போலும். கான்ஸ்டபிள் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து போய், உள்ளறையிலிருந்து நாற்காலிகள் இரண்டை இழுத்து வந்து போட்டார்.

"ரெண்டு பேரும் உக்காருங்க," என்றார். "நேரமாகும்."